அடுப்பை வீட்டில் விட்டுப் புறப்படுங்கள்!

விடுமுறை வந்தால் வெளியூர் போக வேண்டும். இந்த ஆசை இன்று எல்லா வீடுகளிலும் இருக்கிறது. நல்ல ஆசைதான்.

முன்பெல்லாம் வெளியூர் என்றால் உறவினர் வீடு. அல்லது கோவில். இப்போது புதிய பழக்கம் ஒன்று வளர்ந்து வருகிறது. கூடாரம் வாங்குகிறார்கள். மலை அடிவாரத்திலோ, ஆற்றோரத்திலோ, தோப்பிலோ அதை அடிக்கிறார்கள். குடும்பத்தோடு ஓர் இரவு தங்குகிறார்கள். மறுநாள் வீடு திரும்புகிறார்கள்.

இதுதான் குடும்ப முகாம்.

இதில் செலவு குறைவு. நன்மை அதிகம். எப்போதும் கூரையையே பார்த்துத் தூங்கும் பிள்ளை, ஒரு நாள் வானத்தைப் பார்த்துத் தூங்கும். தவளைச் சத்தம் கேட்கும். விடியற்காலையில் பறவைகள் எழுப்பும். அப்பாவும் அம்மாவும் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசுவார்கள். வேறு என்ன வேண்டும்?

ஆனால், புறப்படும் வீட்டைப் பாருங்கள். கூடாரம் கட்டியாகிவிட்டது. பாய், போர்வை கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மூட்டை வளர்கிறது. கேஸ் அடுப்பு வருகிறது. குக்கர் வருகிறது. அரிசி, பருப்பு, மசாலா, வெங்காயம், கோழி எல்லாம் வருகின்றன. சமையற்கட்டே வண்டி ஏறுகிறது!

கட்டுச்சோற்றில் பெருச்சாளியை வைத்துக் கட்டுவது என்று ஒரு பழமொழி உண்டு. காட்டுக்குப் போகிறவர்கள் அடுப்பைக் கட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான். எதற்காகப் போகிறோமோ, அதையே அது கடித்துத் தின்றுவிடும்.

முகாமுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அடுப்பை வீட்டில் விட்டுப் புறப்படுங்கள்! அதற்குக் காரணங்கள் உண்டு.

காடு எரியும்!

முதல் காரணம், காடு.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி. தேனி மாவட்டம் போடியை அடுத்த குரங்கணி மலை. மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். தமிழகமே கலங்கியது.

கோடையில் மலைச் சரிவில் புல் காய்ந்து கிடக்கும். தீ பிடித்தால் அது மேல்நோக்கி ஓடும். காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதன் ஓடும் வேகம் போதாது. சரிவில் ஏறி ஓடுகிறவரைத் தீ எளிதில் பிடித்துவிடும். குரங்கணி நமக்குக் காட்டிய பாடம் இது.

முகாமில் மூட்டும் அடுப்பு சின்னதுதான். ஆனால் ஒரு பொறி போதும். "தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம்" என்று வருகிறோம். அடியில் கங்கு இருக்கும். நாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு காற்று அடிக்கும். கங்கு கண் விழிக்கும்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் தீ மூட்டுவது குற்றம். தீயை எடுத்துச் செல்வதும் குற்றம். இது புதிய சட்டம் அல்ல. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே இருக்கிறது.

அம்மாவுக்கு விடுமுறை எப்போது?

இரண்டாவது காரணம், அம்மா.

குடும்பம் முகாமுக்குப் போகிறது. அப்பா மரத்தடியில் சாய்ந்து உட்காருகிறார். பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அம்மா என்ன செய்கிறார்? கல் கூட்டி, குனிந்து, புகையில் கண் கசக்கிக்கொண்டு சமைக்கிறார். பிறகு பாத்திரம் துலக்குகிறார். அதற்குள் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் வந்துவிடுகிறது.

வீட்டில் குழாய் இருக்கிறது. மிக்சி இருக்கிறது. மேடை இருக்கிறது. முகாமில் ஒன்றும் இல்லை. ஆகவே வீட்டில் இருப்பதை விட அங்கே இரட்டை வேலை. இதற்கு விடுமுறை என்று பெயர் வைக்கலாமா? நான்கு பேர் போய் மூன்று பேர் மட்டும் இளைப்பாறித் திரும்பினால், அது குடும்ப முகாம் அல்ல.

கரிப் புகை எமன்!

மூன்றாவது காரணம், உயிர்.

மலையில் இரவு குளிரும். உடனே சிலர் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். கதகதப்பாக இருக்கிறதே என்று தூங்குகிறார்கள். பெரிய ஆபத்து அது! மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோகலாம்.

குளிருக்கு அடுப்பு மருந்து அல்ல. கம்பளிதான் மருந்து. தரையில் தார்ப்பாய், அதன் மேல் பாய், அதன் மேல் ஜமுக்காளம் விரியுங்கள். குளிர் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, தரையில் இருந்தும் ஏறும். பிள்ளைகளுக்குக் காதை மூடும் குல்லாயும் காலுறையும் போடுங்கள்.

பாட்டிமார் கண்ட வழி

அடுப்பு இல்லாவிட்டால் பட்டினி கிடப்பதா? வேண்டாம். அதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் கட்டுச்சோறு!

ரயில் வராத காலத்திலேயே நம் மக்கள் நாள் கணக்கில் பிரயாணம் செய்தார்கள். வண்டி கட்டிப் போனார்கள். கால்நடையாகவும் போனார்கள். வழியெல்லாம் உணவு விடுதியா இருந்தது? வழியில் கெடாத உணவு எது என்று பாட்டிமார் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் பாருங்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலேயே கிளறித் தூக்குகளில் வரும். கரையில் உட்கார்ந்து பிரித்தால் விருந்து!

"நம் முன்னோர் காட்டில் அடுப்பு மூட்டவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். மூட்டினார்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். அங்கேயே பொங்கிச் சாப்பிடுவார்கள். இன்றும் போகிறார்கள். ஆனால் அது இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கூட்டம் பெருகிவிட்டது. குப்பை பெருகிவிட்டது. ஆகவே தங்கும் நாட்களை வனத்துறை குறைத்திருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தடுக்கிறது. நூறு பேர் போன காலத்தில் காடு தாங்கியது. ஆயிரக்கணக்கில் போனால் தாங்குமா? முன்னோர் செய்த எல்லாவற்றையும் நாமும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் கண்ட நல்ல வழியை எடுத்துக்கொள்வோம்.

எதை எப்போது சாப்பிடுவது?

"கட்டுச்சோறு எத்தனை நாள் தாங்கும்?" என்றும் ஒரு பழமொழி உண்டு. நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் முகாம் ஒரே ஓர் இரவாக இருக்க வேண்டும். சனிக்கிழமை புறப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு. அதற்குள் வரும் வேளைகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

சனி மதியம்: தயிர்ச்சோறு. காலையில் கிளறும்போது தயிரைக் குறைத்துப் பாலை அதிகமாக ஊற்றுங்கள். சோற்றை நன்றாகக் குழைத்து, வெதுவெதுப்பாக ஆன பிறகு பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் போதும். மதியத்துக்குள் அளவாகத் தோய்ந்திருக்கும். புளிக்காது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் ஊறுகாயும் வையுங்கள்.

சனி மாலை: பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, கடலை மிட்டாய். வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது.

சனி இரவு: புளிச்சோறு. 4 பேருக்கு அரை கிலோ அரிசி போதும். சோற்றை உதிராக வடித்து அகலமான தாம்பாளத்தில் கொட்டுங்கள். நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் விசிறி ஆறவிடுங்கள். பிறகு புளிக்காய்ச்சலைக் கலக்குங்கள். சூட்டோடு மூடிக் கட்டக் கூடாது. சோறு வியர்க்கும். வியர்த்த சோறு சீக்கிரம் கெட்டுப்போகும். புளி, உப்பு, எண்ணெய் மூன்றும்தான் இந்தச் சோற்றுக்குக் காவல்காரர்கள். அப்படியிருந்தும் மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். இரவிலேயே தீர்த்துவிடுங்கள்.

ஞாயிறு காலை: அவல். காட்டு முகாமுக்கு இதைப்போல உணவு இல்லை! அடுப்பு வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் ஊறிவிடும். வெல்லத்தைத் தட்டிப் போடுங்கள். தேங்காயை அங்கேயே உடைத்துத் துருவிப் போடுங்கள். வாழைப்பழம் ஒன்று. வயிறு நிறைந்துவிடும். குசேலர் கண்ணனைப் பார்க்க வழிநடந்தபோது முடிந்துகொண்டு போனதும் அவல்தானே!

ஞாயிறு மதியம்: சப்பாத்தி, தக்காளித் தொக்கு. மாவைப் பால் விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மெத்தென்று இருக்கும். ஈரம் போக ஆறவிட்டு, துணியில் சுற்றி வையுங்கள். தொக்கை எண்ணெய் பிரியும் வரை சுண்டக் காய்ச்சுங்கள். பெரியவருக்கு 5, சிறியவருக்கு 3 என்று கணக்கு வைத்தால் மீதி வராது.

தேங்காய்ச் சட்னி வேண்டாம். சாம்பார் வேண்டாம். முட்டை, மீன், கறி வேண்டாம். இவை வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். "வீணாகிறதே" என்று பிள்ளைக்கு ஊட்ட வேண்டாம். சோறு போனால் போகட்டும். பிள்ளையின் வயிறு கெட்டால் காட்டில் டாக்டருக்கு எங்கே போவது?

இவ்வளவையும் அம்மா ஒருவரே முன்கூட்டிச் செய்து முடிப்பதா? அப்படிச் செய்தால் விடுமுறைக்கு முந்தின நாளே அவர் களைத்துப்போவார். வெள்ளி இரவில் எல்லாரும் அடுப்படிக்கு வாருங்கள். அப்பா சப்பாத்தி தேய்க்கட்டும். பெரிய பிள்ளை வேர்க்கடலை வறுக்கட்டும். சின்னப் பிள்ளை வெல்லத்தைத் தட்டட்டும். முகாமில் அம்மாவுக்கு ஒரே ஒரு வேலைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை!

தண்ணீரும் தேநீரும்

சோற்றை விடத் தண்ணீர் முக்கியம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். 4 பேருக்கு 2 நாளைக்கு 24 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்று, அதோடு ஆளுக்கு ஒரு புட்டி. சரியாகிவிடும். இது குடிக்க மட்டும். கை கழுவவும் பாத்திரம் அலசவும் தண்ணீர் அருகில் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடை நீர் பளிங்கு போல இருக்கும். அதை நம்பிக் குடிக்காதீர்கள். மேலே மாடு இறங்கியிருக்கும். மனிதரும் இறங்கியிருப்பார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு, அதில் சொன்ன நேரம் வரை பொறுத்துக் குடியுங்கள்.

தேநீர் இல்லாமல் பொழுது விடியாதே என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. நல்ல பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். வழியில் உள்ள டீக்கடையில் மாலையில் நிரப்பிக்கொள்ளுங்கள். விடியும்போது சூடு சிறிது குறைந்திருக்கும். பரவாயில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டார் முதல் சில முகாம்களுக்கு ஊரை விட்டுத் தூரம் போகாமல் இருப்பதே நல்லது.

எங்கே கூடாரம் அடிப்பது?

அடுத்த கேள்வி, இடம். "நல்ல காட்சி தெரிகிறது" என்று இடம் தேடுகிறார்கள். தவறு! முதலில் ஆபத்து இல்லாத இடம் தேட வேண்டும். காட்சி பிறகு.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அடிக்கவும் கூடாது. பொள்ளாச்சியை அடுத்த டாப்சிலிப், நீலகிரியில் முதுமலை போன்ற இடங்களில் வனத்துறையின் தங்குமிடங்கள் இருக்கின்றன. டாப்சிலிப் வழியாகப் போகும் பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறை கூடாரங்களே வைத்திருக்கிறது. இங்கெல்லாம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். மலையேறவும் ஆசையா? குரங்கணி விபத்துக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தில் 40 மலைப்பாதைகளை அரசு திறந்தது. அதில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. புறப்படும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனியார் தோட்டமோ தோப்போ என்றால் உரிமையாளரிடம் கேட்டுத்தான் தங்க வேண்டும். கேட்காமல் நுழைந்தால் அது முகாம் அல்ல, அத்துமீறல்.

ஆறு அழைக்கும், ஏமாறாதீர்கள்!

ஆற்று மணலில் கூடாரம் அடிக்கக் கூடாது. மெத்தை போல இருக்கும். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நொடிப் பொழுதில் நடந்தது அது.

கரையோரச் செடிகளையும் மரங்களையும் பாருங்கள். செத்தையும் சருகும் எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கின்றன? அதுதான் பழைய வெள்ளத்தின் கோடு. கூடாரம் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். மேலே அணை இருந்தால், தண்ணீர் திறக்கிறார்களா என்று கேட்டறியுங்கள்.

யானை நடக்கும் வழியிலும் தங்கக் கூடாது. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மேப்பாடி அருகே, கூடாரத்தில் தங்கப் போன பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். யானை நம்மைத் தேடி வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில் அது நடக்கிறது. வழியில் படுத்திருப்பது நாம்தான். அந்த ஊர் மக்களைக் கேட்டால் எது யானை வழி என்று சொல்வார்கள். "தீ மூட்டினால் விலங்கு வராது" என்று நினைக்காதீர்கள். தீ மூட்டித் தப்ப வேண்டிய இடம் என்றால், அது குடும்பம் தங்கும் இடமே அல்ல.

மரத்தடியையும் நிமிர்ந்து பாருங்கள். பட்டுப்போன கிளை இருந்தால் வேண்டாம். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். இடி மின்னல் காலத்தில் தனி மரத்தடி ஆகாது.

பாம்புக்கும் தேளுக்கும் பயந்து முகாமை விட வேண்டியதில்லை. ஜாக்கிரதையாக இருந்தால் போதும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். ஆகவே கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் கால் வைக்காதீர்கள். காலையில் செருப்பைத் தட்டிப் போடுங்கள். மீறிக் கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு இறுக்காதீர்கள். கடிபட்டவரை அசையவிடாமல், தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 108-ஐ அழையுங்கள். அந்த இடத்தில் செல்போன் எடுக்குமா, ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது?

மார்கழியும் தையும் குடும்ப முகாமுக்கு ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயில் கடுமையாக இராது. மாசி பிறந்துவிட்டால் புல் காயத் தொடங்கும். காட்டுத்தீக் காலம் அது. 2025-லும் பிப்ரவரி நடுவில் இருந்து இரண்டு மாதம் மலைப்பாதைகளை அரசு மூடி வைத்தது. "மூடிவிட்டார்களே" என்று கோபிக்க வேண்டாம். குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மாலை 4 மணிக்குள் கூடாரம் நின்றுவிட வேண்டும். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். ஏலகிரிக்கு 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாரியும் ஓரியும் மனத்தில் பதிந்துவிடுவார்கள்.

முதல் முகாம் மொட்டை மாடியில்!

கூடாரம் வாங்கிய அன்றே மலைக்கு ஓடாதீர்கள். முதலில் மொட்டை மாடியில் அடித்துப் பாருங்கள். மாடி இல்லையா? வீட்டு வாசல் போதும். "4 பேர் கூடாரம்" என்று எழுதியிருக்கும். படுத்துப் பார்த்தால் 3 பேருக்குத்தான் சரியாக இருக்கும்! எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்று வெளிச்சத்தில் கற்றுக்கொள்ளுங்கள். இரவில் காட்டில் கற்றுக்கொள்ள முடியாது.

கூடாரம் வாங்க வசதி இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மாமா வீட்டு மாந்தோப்பு இருக்கிறது. சித்தப்பா வீட்டுக் களத்துமேடு இருக்கிறது. கொசுவலையும் தார்ப்பாயும் போதும். அதுவும் முகாம்தான்.

வானமே சினிமா

அடுப்பு இல்லை, தீ இல்லை. இரவில் பொழுது எப்படிப் போகும்?

விளக்கை அணையுங்கள். மேலே பாருங்கள். தை மாதத்து இரவு 8 மணிக்குத் தலைக்கு மேலே சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கிழக்கே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று ஒன்று தெரியும். அதற்கு அகத்தியர் பெயர். நகரத்தில் தெரு விளக்கு இவற்றில் பலவற்றை மறைத்துவிடுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தது ஏன்? நகர வெளிச்சம் இல்லாத வானத்துக்காகத்தான். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். நமக்கு அது வேண்டாம். பாட்டி பக்கத்தில் இருந்து, நட்சத்திரத்தின் பெயரும் கதையும் சொன்னால் போதும்.

தீ வெளிச்சத்தில் உட்கார்ந்தால் தீதான் தெரியும். இருட்டில் உட்கார்ந்தால்தான் வானம் தெரியும்.

சாப்பிட்ட இடம் தெரியக் கூடாது

கட்டுச்சோற்றில் இன்னொரு லாபம் உண்டு. குப்பை குறைவு. வாழை இலை, மந்தார இலை, எவர்சில்வர் தூக்கு, துணிப்பை போதும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. தடைக்காக மட்டும் அல்ல. உப்பும் சோறும் ஒட்டிய பிளாஸ்டிக் பையை மான் தின்னும். யானையும் தின்னும். அது வயிற்றில் தங்கிவிடும்.

குரங்குக்கு ஒரு கடலையும் போடாதீர்கள். இன்று வாங்கித் தின்ற குரங்கு நாளை பிடுங்கித் தின்னும். அடுத்து வரும் குழந்தையின் கையைக் கடிக்கும். கொண்டுபோன பையில் ஒன்று காலியாக இருக்கட்டும். பழத்தோல் முதல் மிட்டாய்த் தாள் வரை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அரசும் செய்ய வேண்டும்

இவ்வளவும் மக்கள் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு.

பணம் உள்ளவர்களுக்கு மலை விடுதிகள் இருக்கின்றன. சாதாரணக் குடும்பம் எங்கே போவது? இடம் இல்லாததால்தான் ஆற்று மணலிலும் காட்டு ஓரத்திலும் தங்குகிறார்கள். அணைகளின் அருகிலும், மலை அடிவாரங்களிலும் குடும்ப முகாம் மைதானங்கள் அமைக்கலாம். பெரிய கட்டிடம் வேண்டாம். மேடான சமதரை, சுற்றி வேலி, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஒரு காவலர். இவ்வளவு போதும். உணவு கொண்டுவராதவர்களுக்கு அந்த ஊர் மகளிர் குழுவினர் இட்லியும் டீயும் விற்கலாம். அவர்களுக்கும் வருமானம் வரும். கட்டணம் குறைவாக இருக்க வேண்டும். அனுமதி பெறுவது ரயில் டிக்கெட் எடுப்பது போல எளிதாக இருக்க வேண்டும். எளிய இடம் ஒன்று கொடுத்துவிட்டால், ஆபத்தான இடத்துக்கு யார் போகப் போகிறார்கள்?

காட்டை மூடி வைத்தால் மட்டும் காடு பிழைக்காது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் நாளை அதைக் காப்பாற்றுவார்கள். ஆகவே குடும்பங்கள் போகட்டும். அடிக்கடி போகட்டும்.

ஆனால் ஒன்று. புறப்படும்போது வண்டியை இன்னொரு முறை பாருங்கள். கூடாரம் இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? டார்ச் விளக்கு இருக்கிறதா? கட்டுச்சோறு இருக்கிறதா? அம்மா முகத்தில் சிரிப்பு இருக்கிறதா?

அடுப்பு இருந்தால், இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்!